வீடியோ கேமுக்குக் கதை அவசியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கதை வேணும்னா படம் பார்த்துக்கலாமே, கேம் எதுக்கு?" கேம் பக்கமே போகாதவர்களும் இதைக் கேட்கிறார்கள், விடிய விடிய விளையாடுகிறவர்களும் கேட்கிறார்கள். அதையொட்டி வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஓரிரு பதில்களில் கதையின் முக்கியத் திருப்பம் வெளியாகும். அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: கேமுக்குக் கதை முக்கியமா, இல்லையா?

எல்லா கேமுக்கும் முக்கியமில்லை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் கதாபாத்திரமும் கிடையாது, வசனமும் கிடையாது. மேலிருந்து கட்டைகள் விழுகின்றன, வரிசை நிரம்பினால் மறைகிறது, அவ்வளவுதான். நாற்பது வருடம் கழித்தும் உலகம் அதை ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு கதையை ஒட்டவைத்தால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை.

அதற்காகக் கேமுக்குக் கதையே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு சண்டைக்கு நடுவில் ஓடும் வீடியோவில் மட்டும் கதை இருந்தால், ஒரு பட்டனைத் தட்டி ஸ்கிப் செய்துவிடலாம். ஆட்டத்துக்கு ஒன்றும் குறையாது. நம் கை செய்கிற வேலைக்குள்ளேயே கதை இருந்தால் அதை ஸ்கிப் செய்ய வழியே இல்லை. நான் நல்லது என்று நினைக்கும் கேம்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

டெட்ரிஸுக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது என்று யாரோ எழுதினார்களாமே?

ஆமாம், அமெரிக்கப் பேராசிரியர் ஜேனட் மரே. வந்து குவிந்துகொண்டே இருக்கும் வேலைகளை எப்படியாவது அடுக்கி, மேசையைக் காலி செய்து, மூச்சு விடுவதற்குள் அடுத்த வேலைக்குத் தயாராவதுதானே தொண்ணூறுகளின் அமெரிக்க வாழ்க்கை, டெட்ரிஸ் அதைத்தான் நடித்துக் காட்டுகிறது என்று 1997-இல் வந்த நூலில் எழுதினார். ஃபின்லாந்தின் மார்க்கு எஸ்கெலினென் இதைக் கடுமையாக மறுத்தார். கேமை ஆராய்கிறவர்கள் சில வருடங்களுக்குக் கதைக் கட்சி, ஆட்டக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். எனக்கு மரே சொன்னது ஆடுகிறவரின் களைப்பைப் பற்றிய நல்ல கவனிப்பாகத் தெரிகிறது. டெட்ரிஸின் கதை என்று அதை ஏற்க முடியவில்லை.

பழைய கேம்களில் கதை ஏது? சுட வேண்டியது, குதிக்க வேண்டியது, அவ்வளவுதானே?

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு அது பொருந்தும். ஆனால் அதற்கு முன்பே, 1970-களின் நடுவில், வில் கிரவுதர் என்ற அமெரிக்கப் புரோகிராமர் வெறும் எழுத்தாலேயே அட்வென்ச்சர் என்ற கேமைச் செய்தார். அவர் குகைகளுக்குள் இறங்கி ஆராய்வதில் ஆர்வம் உள்ளவர். கென்டக்கியின் மாமத் குகையில் தான் பார்த்த பாதைகளை வைத்து, விவாகரத்துக்குப் பிறகு பிரிந்திருந்த தன் மகள்கள் விளையாடுவதற்காக அதை எழுதினார். திரையில் படமே கிடையாது. "வடக்கே போ", "விளக்கை எடு" என்று நாம் தட்டச்சு செய்தால் அடுத்து என்ன தெரிகிறது என்று அது எழுதிக் காட்டும். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அட்வென்ச்சர் என்ற வகைக்கே பெயர் வந்தது அந்த கேமிலிருந்துதான்.

அப்புறம் 1981-இல் டாங்கி காங். இதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் தொம் தொம்மென்று குதிக்கிறது. அதுவரை நேராக இருந்த இரும்பு உத்தரங்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. இப்போது ஆட்டம் ஆரம்பிக்கிறது. குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்கள் அந்தச் சரிவில்தான் உருண்டு வருகின்றன, நாம் அந்தச் சரிவில்தான் ஓடி ஏற வேண்டும். யார் வில்லன், யாரைக் காப்பாற்ற வேண்டும், பீப்பாய் ஏன் உருள்கிறது, எல்லாம் சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை இல்லை. இதை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. முதலில் பாப்பை கார்ட்டூன் பாத்திரங்களை வைத்துச் செய்ய நினைத்தார்கள், உரிமை கிடைக்கவில்லை. அதனால் பிறந்த தச்சன்தான் பின்னாளில் மாரியோ ஆனான்.

டூம் செய்த ஜான் கார்மாக்கே கதை முக்கியமில்லை என்று சொல்லிவிட்டாரே?

சொன்னார். ஆபாசப் படத்தில் கதை எப்படியோ அப்படித்தான் கேமிலும், இருக்கும் என்று எதிர்பார்ப்பார்களே தவிர அது முக்கியமில்லை என்ற அவருடைய பேச்சு ரொம்பப் பிரபலம். 1993-இல் வந்த துப்பாக்கிச் சண்டை கேமான டூமைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. அதற்காக டாம் ஹால் என்ற சக வடிவமைப்பாளர் விரிவான கதைக் கையேடு ஒன்று தயாரித்தார். பெரும்பகுதியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். கேம் வெளிவரும் முன்பே அவரும் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். கதையை உதறியதால் டூமின் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்மாக்கின் குழு அடுத்து எழுதிய குவேக் எஞ்சினை (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வால்வ் நிறுவனம் உரிமம் பெற்று, மாற்றியமைத்து, 1998-இல் ஹாஃப்-லைஃப் வெளியிட்டது. அதன் தொடக்கம் ஒரு டிராம் பயணம். கையில் துப்பாக்கி கிடையாது. பூமிக்கு அடியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குள் வண்டி மெதுவாக இறங்குகிறது. வண்டிக்குள் நடக்கலாம், எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். கேமரா நம் கண்ணை விட்டு வெளியே போவதே இல்லை. நீங்கள் வேலைக்குப் போகிற ஒரு விஞ்ஞானி, அன்றைக்கும் எல்லா நாளையும் போல ஒரு நாள், அந்த இடம் பிரம்மாண்டமானது, பாதுகாப்பு பலமானது என்பதெல்லாம் சவாரி முடிவதற்குள் மனதில் பதிந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் இடிந்து நொறுங்கும்போது, வரும்போது பார்த்த இடமாயிற்றே என்று நமக்குப் பதறுகிறது. கதை வேண்டாம் என்றவர்கள் எழுதிய எஞ்சின் மேலேயே இது நடந்தது.

கைக்குள் கதை என்கிறீர்களே, ஓர் உதாரணம்?

2013-இல் ஸ்வீடனிலிருந்து வந்த பிரதர்ஸ். இந்தப் பதிலில் முடிவு வெளியாகிறது, விளையாடும் எண்ணம் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

நோயில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து தேடி அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். கன்ட்ரோலரின் இடது குச்சி அண்ணன், வலது குச்சி தம்பி. பிடிக்க, ஏற, நீந்த என்று ஆளுக்கொரு பட்டன், அந்தந்தப் பக்கமே. ஆரம்பத்தில் மூளை குழம்பும், இருவரும் ஆளுக்கொரு மூலையில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். போகப் போகக் கை பழகிவிடும். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். அம்மா மூழ்கி இறந்ததை நேரில் பார்த்தவன். ஆறு வரும்போதெல்லாம் அண்ணன் முதுகைக் கட்டிக்கொண்டுதான் கடப்பான்.

கடைசிப் பகுதியில் அண்ணன் இறந்துவிடுகிறான். அவனைக் குழிக்குள் இழுத்து மண்ணைத் தள்ளி மூடும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும், வலது கையால். இடது கைக்கு வேலை இல்லை. அதுவரை பழகிய கை சும்மா கிடப்பது எவ்வளவு கனமாக இருக்கிறது என்று விளையாடியவருக்குத்தான் தெரியும். மருந்தோடு தம்பி தனியாகத் திரும்புகிறான், வழியில் ஆறு. வலது பட்டனை அழுத்தினால் தண்ணீரைப் பார்த்து ஒடுங்கி நிற்கிறான். நகர மாட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறி, ஒரு கட்டத்தில் இடது பக்கத்தை, அண்ணனின் பட்டனை அழுத்துகிறோம். தம்பி நீந்தத் தொடங்குகிறான்.

அந்த கேமில் எல்லோரும் பேசுவது இல்லாத ஒரு மொழி. நமக்கு ஒரு வசனம்கூடப் புரியாது. இயக்கிய ஜோசஃப் ஃபாரெஸ் சினிமாவிலிருந்து வந்தவர். அப்படிப்பட்டவர் தன் உச்சக்கட்டத்தை சினிமாவில் எடுக்கவே முடியாத விதத்தில் அமைத்திருக்கிறார் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

விதிமுறையே கதை சொல்லுமா?

சொல்லும். லூகாஸ் போப் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்த "பேப்பர்ஸ், ப்ளீஸ்" என்ற கேம், இதுவும் 2013. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் பாஸ்போர்ட் சோதிக்கும் அதிகாரி. தேதி, முத்திரை, புகைப்படம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து பச்சை முத்திரை அல்லது சிவப்பு முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாகச் சோதிக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் சம்பளம். இரவானால் வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்கும் செலவு என்று ஒரு பட்டியல் வரும். பணம் போதாத நாளில் எதை விடுவது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒருவர் வருகிறார், தாள்கள் சரியாக இருக்கின்றன. போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் கொஞ்சம் இரக்கமாக இருங்கள் என்கிறார். அடுத்து அந்தப் பெண். அவரிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறார். விட்டால் உங்கள் மேல் தவறு பதிவாகும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கைதான், அதற்கு மேல் சம்பளத்தில் பிடித்தம். ஆக, "இன்றைக்கு ஏற்கெனவே எத்தனை தவறு செய்திருக்கிறேன்?" என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. ஓர் உயிரை அந்தக் கணக்கில் நிறுத்திப் பார்க்கிறோம் என்பதை உணரும்போது, கெடுபிடி ஆட்சியில் சாதாரண குமாஸ்தா எப்படிக் கல்லாகிப் போகிறார் என்பது விளங்குகிறது. இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், படங்களும் பார்த்திருக்கிறேன். நானே அந்தக் குமாஸ்தாவாக உட்கார்ந்தது இங்கேதான்.

சின்ன வயசில் வைஸ் சிட்டியை ஒரு வரி இங்கிலீஷ் புரியாமல்தானே விளையாடினோம்? கதை இல்லாமல் நன்றாகத்தானே இருந்தது?

நன்றாகத்தான் இருந்தது. 2002-இல் வந்த அந்த கேமை நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ஆடிய பெரும்பாலானவர்களுக்கு அதன் நாயகன் டாமி வெர்செட்டி ஏன் அந்த ஊருக்கு வந்தான் என்றே தெரியாது. பான்ஸர் என்று தட்டினால் டாங்கி வரும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். குட்டி ஹெலிகாப்டரில் வெடிகுண்டு தூக்கிப் போய் வைக்கும் மிஷனில் மாட்டிக்கொண்டு அதோடு நிறுத்தியவர்கள் ஏராளம். அதற்குப் பின் என்ன கதை என்று அவர்கள் கவலைப்படவில்லை. ஊரே அவர்களுக்குக் கதையாக இருந்தது: கடற்கரைச் சாலை, கார் ரேடியோ, துரத்தும் போலீஸ், பக்கத்து சீட்டு நண்பன் கொடுக்கும் யோசனை.

புரியாத மொழி கற்பனையைத் தூண்டும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சாட்சி இருக்கிறது. டார்க் சோல்ஸ் கேமின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி, சிறுவயதில் ஆங்கில மாயக்கதைப் புத்தகங்களைப் பாதி புரியாமல் படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2011-இல் வந்த டார்க் சோல்ஸும் அப்படித்தான் கதை சொல்கிறது. உட்கார வைத்து யாரும் விளக்குவதில்லை. ஒரு வாளின் குறிப்பில் ஒரு வரி, ஒரு சிலை பார்க்கும் திசை, ஒரு கல்லறை. அந்தக் கல்லறையை சிஃப் என்ற பெரிய ஓநாய், இறந்துபோன தன் எஜமானின் வாளை வாயில் கவ்விக்கொண்டு காவல் காக்கிறது. அதை வென்றால்தான் மேலே போக முடியும். அடி வாங்கி வாங்கி அதன் உயிர் குறையும்போது நொண்ட ஆரம்பிக்கிறது. வாளை வீசிவிட்டுத் தானே தடுமாறி விழுகிறது. எதிரி பலவீனமானால் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் கை தயங்குகிறது. எந்த மொழிக்காரருக்கும் அது புரியும்.

கதையில் நல்லவன், ஆட்டத்தில் நூறு பேரைக் கொல்கிறான். இது உறுத்துகிறதே?

உறுத்த வேண்டும். வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இல் பயோஷாக் என்ற கேமைப் பற்றி எழுதியபோது இதைத்தான் குறையாகச் சொன்னார். ஆட்டத்தின் விதி உன் லாபத்தை மட்டும் பார்த்துக்கொள் என்று வழிவிடுகிறது, கதையோ கேட்காமலேயே இன்னொருவனுக்கு உதவ வைக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்றார். இந்த முரணுக்கு லூடோநரேட்டிவ் டிஸ்ஸோனன்ஸ் என்று பெயரும் வைத்தார். அன்சார்ட்டெட் கேம் வரிசையின் நாயகன் ஜாலியான, அன்பான ஆள். ஆனால் வழி நெடுகப் பிணக்குவியல். 2016-இல் வந்த நான்காம் பாகத்தில் ஆயிரம் எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் பதக்கத்துக்கு ஹாக்கிங்கின் அந்தச் சொற்றொடரையே பெயராக வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. குறை தெரிந்திருக்கிறது என்றால் சரிசெய்திருக்கலாம்.

நாம் எடுக்கும் முடிவுகளால் கதை நிஜமாகவே மாறுகிறதா?

பெரும்பாலும் கொஞ்சம்தான். 2012-இல் டெல்டேல் வெளியிட்ட வாக்கிங் டெட் கேமில், நீங்கள் ஏதாவது சொன்னால் "கிளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்" என்று மூலையில் ஒரு வரி வரும். திரும்ப ஆடிப் பார்த்தால் எந்தப் பாதையில் போனாலும் முக்கியச் சம்பவங்கள் அங்கேயேதான் வந்து சேர்கின்றன. ஏமாற்று என்று சிலர் கோபப்படுகிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னப் பெண் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள் என்ற பொறுப்பு நாம் பேசும் விதத்தை மாற்றுகிறதே, அது நிஜம். ஆனால் உன் முடிவுகள்தான் எல்லாம் என்று விளம்பரம் செய்துவிட்டு அதைத் தராவிட்டால் கோபம் நியாயமே. 2012-இல் மாஸ் எஃபெக்ட் 3-இன் முடிவுக்கு எழுந்த எதிர்ப்பில், நிறுவனம் சில மாதங்களில் விரிவாக்கிய முடிவை இலவசமாகவே வெளியிட வேண்டியதாயிற்று.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மாதிரி, பலர் ஆன்லைனில் மோதிக் கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிக்கும் கேம்களுக்குக் கதை தேவையா?

தேவையில்லை. ஒவ்வொரு மேட்ச்சும் ஆடுகிறவர்கள் தாங்களே உண்டாக்கும் சம்பவம். கடைசி வட்டத்தில் ஒற்றை ஆளாக நின்று ஜெயித்ததை மறுநாள் நண்பர்களிடம் சொல்கிறார்களே, அதுவும் கதைதான். அதை எந்த எழுத்தாளரும் எழுதித் தர முடியாது.

கதைக்காகத்தான் என்றால் யூட்யூபில் முழு வீடியோவையும் பார்த்துவிட்டால் போதாதா?

சில கேம்களுக்குப் போதும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2023-இல் எச்பிஓ தொடராக வந்தபோது, விளையாடாதவர்களும் முழுசாக ரசித்தார்கள். அதன் பலம் நடிப்பிலும் வசனத்திலும் நிறையவே இருப்பதுதான் காரணம்.

எல்லாவற்றுக்கும் அது போதாது. இயன் போகோஸ்ட் என்ற கேம் ஆய்வாளர் 2017-இல், வீடியோ கேம்கள் கதை இல்லாமல் இருப்பதே மேல் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் முக்கியமாக எடுத்துப் பேசியது அதே ஆண்டு வந்த வாட் ரிமைன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச். அவரை நான் மதிக்கிறேன், ஆனால் அந்த கேமை வைத்தே மறுப்பேன். அதில் லூயிஸ் என்ற இளைஞன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். ஒரு குச்சியால் மீனை எடுத்து, கத்திக்கு அடியில் வைத்துத் தலையை வெட்டி, பெல்ட்டில் எறிய வேண்டும். திரும்ப அடுத்த மீன். அதே நேரம் அவன் பகல் கனவு காண்கிறான். திரையின் ஒரு பகுதியில் சின்னதாக ஓர் உலகம் தோன்றுகிறது, இன்னொரு குச்சியால் அங்கே நடக்கிறோம். கனவு மெல்ல மெல்ல அழகாகி, பெரிதாகி, திரையை நிறைக்கிறது. ஆனால் மீன் வருவது நிற்கவில்லை. பார்வை கனவில் இருக்க, கை தானாக வெட்டிக்கொண்டிருக்கிறது. அலுத்த வேலையில் உடம்பை விட்டுவிட்டு மனம் எங்கோ போய்விடுவதை அவன் அனுபவித்தபடியே நாமும் அனுபவிக்கிறோம். வீடியோவில் பார்ப்பவருக்கு அங்கே இரண்டு படங்கள் ஓடுவது மட்டுமே தெரியும்.

தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் கேம் உண்டா?

உண்டு. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட வெண்பா. எண்பதுகளில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. ஆட்டம் முழுக்கச் சமையல். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து மங்கியும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை யோசித்து நிரப்பி இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பது மற்ற நாட்டுக்காரருக்குப் புதிர். நம்மில் பலருக்கு வீட்டு ஞாபகம்.

தவறாகச் செய்தால் தண்டனை இல்லை, திரும்பச் செய்யலாம். அது சரியான முடிவு என்பேன். இங்கே சவால் சமையலில் இல்லை. ஒரு தலைமுறை தாண்டுவதற்குள் எது கை நழுவிப் போகிறது என்பதில்தான் கதை. வளர்ந்த கவின் அதே குறிப்பேட்டை வைத்துத் தானே சமைக்க முயலும் கட்டத்தில் அது முழுதாகத் தெரிகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சின்ன கேமுக்கு 2024-இல் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். விளையாடியே பழக்கமில்லாதவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நானே ஒரு கேம் செய்ய ஆசை. கதையை முதலில் எழுதி முடித்துவிடவா?

வேண்டாம். ஆடுகிறவர் என்ன செய்யப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்: முத்திரை குத்துவதா, ஆவி பார்த்து அடுக்குவதா, ஒருவனைச் சுமந்து நீந்துவதா. அந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஆள் யார், எந்த நாளில் அதே செயல் அவருக்குக் கஷ்டமாகும் என்று யோசித்தால் கதை பின்னாலேயே வரும். நூறு பக்கம் வசனம் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு நடுவே எங்கே பட்டன் வைப்பது என்று தேடுவது ரொம்பக் கஷ்டம்.

புரோகிராமிங் தெரியாவிட்டால் ட்வைன் என்ற இலவசக் கருவியில் ஆரம்பியுங்கள். கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் வெளியிட்டது. பெட்டி பெட்டியாக எழுதி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் போதும், பிரவுசரிலேயே ஓடும். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். முதல் முயற்சிக்குப் பத்துப் பெட்டிக்கு மேல் வேண்டாம். முடித்ததும் ஒரு நண்பரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல், அவர் எந்த இணைப்பை அழுத்த யோசிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.